பலகையில் என் முகம்

படகுத்துறையில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள், அதில் நான் இருக்கிறேன் என்று நாத்தனார்தான் வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள்.

போய்ப் பார்த்தேன். டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு ஏரிக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடம். ஆள் உயரப் படம். ஆரணியாறு ஏரியில் கலக்கிற சேற்றுவெளியில், இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, குனிந்து இறாலுக்காகக் கையால் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கிறேன். கீழே எழுதியிருந்தது: 'பறவைகளுக்குத் தொல்லை தராதீர். அத்துமீறி நுழைவது குற்றம்.'

படம் எடுத்தவரை நினைவிருந்தது. போன தை மாதம் கேமராவோடு வந்தவர், "அக்கா, அப்படியே இருங்க, ரொம்ப அழகா இருக்கு" என்றார். வாயில் பறி இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் தடவுகிற இடத்திலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் பூநாரைகள் மேயும். நான் நகர்ந்தால் அவையும் நகருமே தவிர, பறக்காது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மோட்டார் படகில் கிட்டே போய், மொத்தமாக எழும்பினால் படம் நன்றாக வரும் என்று கை தட்டுவார்களே, அப்போதுதான் பறக்கும்.

இரண்டு கை நிறையச் சேறு அள்ளி வந்து படத்தின் மேல் அப்பினேன். சரணாலயக் காவலர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா பண்றே? கவர்மெண்ட் பலகை!"

"மூஞ்சி என்னுது சார். யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நாத்தனாரும் கூட வந்தாள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொல்லி, அதிகாரி காகிதம் தந்தார். எந்தெந்தத் திட்டில் படகுகள் பறவைகளை விரட்டுகின்றன என்று எழுதினேன். படகிலிருந்து வீசிய பாட்டில் சேற்றுக்குள் உடைந்து கிடந்து நாத்தனாரின் உள்ளங்கையைக் கிழித்ததை எழுதினேன். அவள் தழும்பை நீட்டிக் காட்டினாள்.

"இதெல்லாம் யாரும்மா உன்னைக் கேட்டது?"

"யாரும் கேக்கலை சார். அதான் எழுதினேன்."

பத்து நாளில் என் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூநாரை படத்தை ஒட்டினார்கள். எழுத்து அப்படியே இருந்தது. படகுகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"வுடு அண்ணி, உன் மூஞ்சி போச்சில்ல" என்றாள் நாத்தனார்.

விட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படகு, பறவைகள் மேய்கிற திட்டை நோக்கி நேராக வந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் குறுக்கே போய் நின்றேன். ஓட்டி வந்தவன் எங்கள் ஊர்ப் பையன்தான்; இன்ஜினை அணைத்தான்.

"இன்னாக்கா, பொழைப்பைக் கெடுக்கறே?"

"பறவை போயிடுச்சின்னா எதைக் காட்டிடா பொழைப்பே?"

படகில் இருந்தவர்கள் செல்போனில் என்னைப் படம் பிடித்தார்கள். எடுக்கட்டும் என்று நின்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே படகைத் திருப்பினான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் திட்டுப் பக்கம்தான் தடவுகிறேன். அங்கே இறால் குறைவு.