பந்தக்காலில் குடியிருந்தவள்

கிள்ளான் போகிற ரயில் பாதையோரம், காட்டை ஒட்டித்தான் அப்போது எங்கள் வீடு. அப்பாவுக்குத் தண்டவாள வேலை. என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட வேண்டுமென்று காட்டுக்குள் போய், பாராங் கத்தியால் பச்சை மூங்கில் ஒன்றை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து வாசலில் நட்டாயிற்று. மாப்பிள்ளை என் அத்தை மகன்தான். எனக்கு அவர் மேல் கொள்ளை ஆசை. இந்த வயசில் அதைச் சொல்ல என்ன வெட்கம்! பந்தக்கால் நடுவதற்கென்றே அத்தை பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்தாள்.

பொழுது சாயும் நேரம் மூங்கிலில் என்னவோ அசைந்தது. கணுவுக்கு மேலே ஒரு கீறல், ஏதோ வண்டு குடைந்தது போல. பென்சில் நுழைந்தால் பெரிசு. அதற்குள்ளிருந்து பழுப்பாக ஒன்று பிதுங்கி வந்து விசுக்கென்று பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஏதோ பூச்சி என்றுதான் நினைத்தேன்.

"ஐயையோ, வௌவாலு!" அத்தை கத்திய கத்தலில் அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "பாழடைஞ்ச வீட்டுல இருக்கறது பந்தக்கால்ல இருக்குதே! எம்மவன் வாழ வேணாமா? பிடுங்கிப் போடு தம்பி!"

அப்பா முகம் செத்துப்போனது. நட்ட பந்தக்காலைப் பிடுங்கினால் கல்யாணம் நின்றுபோயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் எந்த முகத்தோடு இன்னொரு நாள் குறிப்பது?

எனக்கு வந்ததே கோபம்! ஓடிப்போய் மூங்கிலைக் கட்டிக்கொண்டேன். "யார் தொடுறாங்க, பார்க்கறேன்!"

என் கண்ணுக்கு நேரே அந்தக் கீறல். கடைசியாக ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. அது பறக்கவில்லை. வழுவழு மூங்கிலில் பசை போட்டு ஒட்டினாற்போல் அப்படியே நின்றது. என் கட்டைவிரல் நீளம்கூடத் தேறாது. பாதத்தில் குட்டிக் குட்டி மெத்தை. தலையை யாரோ அமுக்கிவிட்ட மாதிரி தட்டை. இல்லாவிட்டால் அந்தக் கீறலில் எப்படி நுழையும்? ஏதோ பெரிய வௌவாலின் குஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் வயிற்றைப் பார்த்தேன். மயிர் முளைக்காத குட்டிகள் ரெண்டு, அவரைக்கொட்டை அளவில், ஆளுக்கொரு முலையைக் கவ்விக்கொண்டு தொங்கின. அப்படியானால் இது பிள்ளை பெற்றவள்! இதன் முழு வளர்த்தியே இவ்வளவுதான்! கடவுளே, இந்தத் துளியூண்டு நெஞ்சுக்குள் பால் எங்கேயிருந்து ஊறுகிறது?

"அத்தே, பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றேன்.

விளக்கை எடுத்துக்கொண்டு அத்தை விறுவிறுவென்று வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"அடியாத்தீ... இம்மாத்தூண்டு உடம்புல ரெண்டா?"

வெளிச்சம் கண்ணில் படாதபடி விளக்கை முந்தானையால் மறைத்தாள். அப்பா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"தம்பி, கல்யாணத்தன்னிக்கு மேளக்காரங்கள கொல்லைப் பக்கம் உக்காரச் சொல்லு. புள்ளைங்க பயந்துக்கும்."