சிங்காரம் நடத்திவைத்த நாற்பத்தொரு கல்யாணங்கள்

அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்த சசிரேகாவுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அந்த நாற்பத்தொரு கல்யாணங்கள்தான். அப்பா சிங்காரம் தேயிலைத் தோட்டத்துச் சீர்திருத்தக்காரர். ஐயர் இல்லை, சீதனம் இல்லை, சாதி கேட்பதில்லை. இரண்டு மாலை, ஓர் ஒலிபெருக்கி, அவருடைய பேச்சு. "மனசு ஒத்துப்போனாப் போதும், கவர்மெண்டு முத்திரை எதுக்கு?" என்பார். கூட்டம் கைதட்டும். சின்னப் பிள்ளையாக சசிரேகாவும் தட்டியவள்தான்.

அதில் ஒன்று வேலாயியின் கல்யாணம். புத்தகத்துக்குப் படம் கேட்டு ரிங்லெட் பக்கம் அவளுடைய லயத்து வீட்டுக்குப் போனாள் சசிரேகா. சுவரில், செத்துப்போன புருஷன் சின்னக்கருப்பனின் படத்துக்குப் பக்கத்தில், சிங்காரமும் மாலையோடு தொங்கினார்.

"எங்க கல்யாணம் நடந்துச்சுன்னு தேதி போட்டு எழுதும்மா. அந்தப் புத்தகத்த எடுத்துட்டு தானா ராத்தா பதிவு ஆபீசுக்குப் போறேன் லா" என்றாள் வேலாயி.

இங்கேயே பிறந்தும் வேலாயி குடியுரிமை இல்லாதவள், சிவப்பு அட்டைக்காரி. புருஷனுக்குக் குடிமகனின் நீல அட்டை. கல்யாணத்தைப் பதிந்திருந்தால் மகன் அகிலன் தகப்பன் வழியில் குடிமகன் ஆகியிருப்பான். பதியவில்லை. முப்பது வயதில் கியா பார்மில் முட்டைக்கோஸ் மூட்டை தூக்குகிறான். போலீஸைக் கண்டால் ஒளிகிறான்.

புத்தகம் அந்த ஆபீசில் காலணா பெறாது என்று சசிரேகாவுக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தாள், கோழை.

தேதியைச் சரிபார்க்க அப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறியபோதுதான் அது அகப்பட்டது: அப்பா அம்மாவின் திருமணப் பதிவுச் சான்றிதழ். சசிரேகா பிறப்பதற்கு இரண்டு மாதம் முந்தியது. வேலாயியின் கல்யாணத்துக்கு ஆறு வருடம் முந்தியது. மற்றவர்களுக்கு மாலை, தன் பிள்ளைக்கு முத்திரை. மனிதர் எவ்வளவு கெட்டிக்காரர்! எழுதி வைத்திருந்த இருநூறு பக்கத்தையும் ஓரமாகத் தள்ளினாள்.

மறுநாளே சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் வேலாயியிடம் காட்டினாள்.

வேலாயி தேதியை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்ப ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்க்கா. இதையும் புத்தகத்துல போடப் போறேன்."

"போடு, போடாமப் போ. ஒன் கல்யாணம்?"

"பதிஞ்சதுதான். அப்பாதான் கூட்டிட்டுப் போனாரு."

வேலாயி சிங்காரத்தின் படத்தைக் கழற்றி, மாலையை உருவிவிட்டு, சசிரேகாவின் கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போயிரும்மா. அகிலன் தெனம் இதக் கும்பிட்டுட்டுத்தான் வேலைக்குப் போறான்."