மார்கிறட் பார்க்காத படம்

அந்தோனிமுத்துவைக் கட்டிய நாளிலிருந்து, தான் ஒருநாளும் பார்க்காத ஒரு படத்தோடு மார்கிறட் குடித்தனம் நடத்தி வந்தாள். அது ஒரு கௌபோய் படம். எழுபத்துநாலாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஓடியது. அந்தோனிமுத்து அதை ஏழு தரம் பார்த்தவர். ஏழு தரமும் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் தண்ணீரூற்று ஜமால்தீன். ஜமால்தீனின் வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கருவாடு ஏற்றிப் போகிற லொறியில் இந்த இரண்டு இளந்தாரிகளும் தொற்றிக்கொண்டு போவார்கள். கருவாட்டுச் சிப்பத்தை இறக்கிய கையோடு, குளிக்காமல், தியேட்டருக்குள் புகுந்துவிடுவார்கள். அவர்களுக்கு முன் வரிசையும் பின் வரிசையும் எப்போதும் காலியாகவே இருக்குமாம். அதையும் அந்தோனிமுத்து ஒரு பெருமையாகச் சொல்வார்.

படத்தின் கதை மார்கிறட்டுக்கு மனப்பாடம். ஒருவன் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஒரு கோயில் மணியை ஏற்றிக்கொண்டு புழுதி பறக்கிற ஊர் ஒன்றுக்கு வருகிறான். அந்த ஊரை ஐந்து அண்ணன் தம்பிமார் ஆட்டிப் படைக்கிறார்கள். ஐந்து பேரையும் சுட்டுப்போட்டு, மணியைக் கட்டிவிட்டு அவன் போய்விடுகிறான். இவ்வளவுதான். ஆனால் இவ்வளவைச் சொல்ல அந்தோனிமுத்துவுக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும். படத்தில் ஒருவரும் அதிகம் கதைப்பதில்லை. அந்தக் கதைக்காத நேரத்தையும் அவர் அப்படியே நடித்துக் காட்டுவார்.

வீட்டில் நடித்தாலும் பரவாயில்லை, சந்தையிலும் அதே கூத்து. மீன் வாங்க வந்தவள் விலை கேட்டால், ஓலைத்தொப்பியை நெற்றிக்கு இறக்கி, கண்ணை இடுக்கி, பேசாமல் நிற்பார். அவள் அலுத்துப் போய் அடுத்த ஆளிடம் போய்விடுவாள். கிழிந்த வலையைப் பொத்தும்போது வாயில் அந்தப் படத்துச் சீழ்க்கைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், காணிக்கை எடுக்கிற நேரம், தன்னை மறந்து அதை அடித்துவிட்டார். பங்குச் சுவாமி கூப்பிட்டுக் கேட்டபோது, இது அமெரிக்காக்காரன் எடுத்த படமில்லை சுவாமி, இத்தாலிக்காரன் எடுத்தது, பாப்பரசர் இருக்கிற நாட்டுப் படம் என்று விளக்கம் சொன்னார். சுவாமி சிரித்துவிட்டார். மார்கிறட் மட்டும் வெட்கத்தில் தலைச்சீலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வீட்டு விசயத்தில்தான்.

கரையில் அவர்களுக்கு இருந்த வீடு ஷெல்லடியில் தரைமட்டமானது. மூன்று இடம் மாறி, கொட்டில் கொட்டிலாகக் கிடந்து அலுத்து, தொண்ணூற்றாறில் தண்ணீரூற்றில் ஆளில்லாமல் நின்ற ஒரு கல்வீட்டுக்குள் வந்து இருந்தார்கள். அது ஜமால்தீனின் வீடு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, அவர் மனைவி பாத்தும்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டுப் புத்தளத்துக்குப் போனவர். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. இது மற்றவர் வீடு என்பதை மார்கிறட் ஒருநாளும் மறக்கவில்லை. கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றியபோதும், பாழாய்க் கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியபோதும், யாருக்கோ செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தாள். ஆனாலும் செய்தாள். ஏழு வருசம் விளக்கேற்றிய வீடு கொஞ்சமாவது நெஞ்சில் ஒட்டத்தானே செய்யும்.

சண்டை நின்று பாதை திறந்து ஒரு வருசம் கழித்து, 2003 சித்திரையில், படலைக்கு வெளியே தாடி வைத்த ஒரு மனிதர் வந்து நின்றார். மார்கிறட்டுக்கு ஆளைப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. உள்ளே வாங்கோ நானா என்று சொல்ல அவள் வாயெடுக்க முதல், வந்தவர் கண்ணை இடுக்கினார். வாசலில் இருந்த அந்தோனிமுத்து எழும்பி நின்று தானும் கண்ணை இடுக்கினார். இரண்டு பேரும் அசையவில்லை, பேசவில்லை. ஐம்பது வயதை எட்டிய இரண்டு ஆம்பிளைகள் கொளுத்துகிற வெயிலில் இப்படி நின்றதை ரோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்த கை விடுபட முதலே சண்டை தொடங்கிவிட்டது.

கடைசிக் காட்சியில் அவன் எதில் ஏறிப் போனான் என்பதுதான் சண்டை. வந்த கோவேறு கழுதையிலேயே திரும்பிப் போனான் என்பது அந்தோனிமுத்து. இல்லை, செத்துப்போன மூத்த அண்ணனின் கறுப்புக் குதிரையில் போனான் என்பது ஜமால்தீன். ஏழு தரம் ஒன்றாக இருந்து பார்த்த படம். பதின்மூன்று வருசம் ஆளுக்கொரு பக்கம் இருந்ததில் ஆளுக்கொரு முடிவு வந்துவிட்டது.

ஊர் பார்க்க வந்த மற்ற முஸ்லிம் ஆட்களோடு ஜமால்தீன் பள்ளிவாசலைத் துப்புரவாக்கி அங்கே மூன்று நாள் தங்கினார். மூன்று நாளும் காலையில் வீட்டுக்கு வந்தார். மார்கிறட் மீன் குழம்பு வைத்தாள், தேத்தண்ணி ஊற்றினாள், கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்தாள். வீட்டைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. ஒருதரம் ஜமால்தீன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஓடு மாற்றிய விவரத்தைச் சொல்ல அவள் முன்னுக்கு வந்தாள். அவரோ அந்தோனிமுத்துவின் பக்கம் திரும்பி, அந்தப் படத்தை எடுத்தது இத்தாலியில் இல்லை, ஸ்பெயினில், ஒரு காலத்தில் எங்கட ஆக்கள் ஆண்ட மண்ணில் என்றார். பாப்பரசரின் படமா, எங்கட படமா என்று அன்றைய பகல் முழுக்கக் கழிந்தது.

அவர் போன பிறகு, வீட்டைப் பற்றி என்ன சொன்னவர் என்று கணவரிடம் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றார். நீங்களாவது கேட்டிருக்கலாமே என்றாள். அவன் சொல்லுவான்தானே என்றார். மார்கிறட் நெற்றியில் அடித்துக்கொண்டு குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஆடியில் ஜமால்தீன் மறுபடி வந்தார். காணி உறுதியோடு வருவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது ஒரு சீடி. மட்டையில் தொப்பி போட்ட ஒருவன் துவக்கோடு நின்றான். வீட்டில் கரண்டும் இல்லை, சீடி போடுகிற பெட்டியும் இல்லை. அதனால் ஒரு பகல் முழுக்க இரண்டு பேரும் மட்டையைப் பார்த்தார்கள். அடுத்த நாள் முள்ளியவளையில் ஜெனரேற்றர் வைத்திருந்த ஒரு தேத்தண்ணிக் கடையில் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது சீனாக்காரர் கையாலும் காலாலும் அடிபடுகிற படம். எங்காவது ஒரு குதிரை வரும் என்ற நம்பிக்கையில் முடியும் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கும் வீட்டுக் கதை இல்லை.

மார்கிறட்டுக்கு நித்திரை போய்விட்டது. மூத்தவள் பிறின்சிக்கு மார்கழியில் சாதாரண தரச் சோதினை. இடையில் வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? கரைக் காணியில் கொட்டில் போடுவதென்றால் மாரிக்கு முதல் தடியும் கிடுகும் எடுக்க வேண்டும். எடுக்கலாமா, விடலாமா? முற்றத்தில் நாலு கத்தரி வைக்கலாமா? போகச் சொன்னால் போகலாம், இருக்கச் சொன்னால் இருக்கலாம். இரண்டும் சொல்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் அந்தக் கோவேறு கழுதையில் ஏற்றி நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று பொருமினாள். பொருமலுக்கு அந்தோனிமுத்துவிடமிருந்து வந்தது சீழ்க்கைதான்.

ஐப்பசியில் ஜமால்தீன் மூன்றாம் தரம் வந்தபோது பாத்தும்மாவும் கூட வந்தாள். வெள்ளை முக்காடு, மெலிந்த உடம்பு, காலில் ஒரு நொண்டல். ஆண்கள் இரண்டு பேரும் வாசலில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பாத்தும்மா உள்ளே வந்து, குசினி வாசலில் ஒரு நிமிசம் நின்று சுவரைத் தடவினாள். பிறகு மார்கிறட்டிடம் நேராகக் கேட்டாள்.

“எப்ப எழும்புறதெண்டு முடிவெடுத்தாச்சோ தங்கச்சி? ரெண்டு தரமும் இவர் வந்து கதைச்சதாம். யோசிச்சுச் சொல்லுறமெண்டு நீங்கள் சொன்னதாம்.”

மார்கிறட்டுக்கு எல்லாம் விளங்கியது.

“எங்களோட ஒருத்தரும் வீட்டைப் பற்றிக் கதைக்கேல்லை ராத்தா. ரெண்டு தரமும் கதைச்சது கழுதையைப் பற்றித்தான்.”

பாத்தும்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஜமால்தீன் ஒரு கையைக் கடிவாளம் பிடிப்பது போலப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். புத்தளத்திலும் இதே கரைச்சல்தான் என்று அவள் சொன்னாள். பதின்மூன்று வருசம் அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில், மழை பெய்தால் சட்டி வைத்து ஒழுக்கு ஏந்திக்கொண்டு, அந்தக் கறுப்புக் குதிரையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். முகாமில் இன்னும் நாலு கிழடுகளைச் சேர்த்துவிட்டாராம், எல்லாருக்கும் இப்போது அந்தப் படம் பாடம். அதைக் கேட்டு மார்கிறட்டுக்குச் சிரிப்பு வந்தது. பாத்தும்மாவும் சிரித்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்து கதைக்கிற ஒரு மனிசி கிடைத்ததில் மார்கிறட்டுக்கு நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது. இப்படிக் கேட்டால் என்னவாம், வாய் என்ன தேய்ந்தா போய்விடும் என்று கணவரை நினைத்துக்கொண்டாள்.

பாத்தும்மா அறைக்குள் போனாள். அலுமாரியைத் திறந்து மூடினாள். கட்டிலைத் தொட்டாள். பிறகு யன்னலோரம் வெறுமையாகக் கிடந்த மூலையைக் காட்டினாள்.

“இதில என்ர தையல் மெசின் நிண்டது. எங்க அது?”

மார்கிறட் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு. உண்மையில் அவன் கழுதையில்தான் போயிருக்க வேணும் ராத்தா, மணி வண்டியைப் பிறகு எதில் கொண்டுபோறது, குதிரையை வண்டியில பூட்டினவன் எண்டு எங்கட இவர் ஒருநாளும் சொல்லேல்லை என்று தொடங்கி, ஐந்து அண்ணன் தம்பிமாரின் கதையைக் கடைசித் தம்பி வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாள். தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நிறுத்த முடியவில்லை. பாத்தும்மா குறுக்கே பேசாமல், முக்காட்டுத் தலைப்பைப் பிடித்தபடி, முழுவதையும் கேட்டாள்.

“வித்துப்போட்டீங்களோ?” என்று கடைசியில் கேட்டாள்.

“ஓம் ராத்தா. தொண்ணூற்றெட்டில பிள்ளைக்கு மலேரியா. மூளைக்கு ஏறிப்போச்சு. மருந்துக்கு வித்தனான்.”

“பிள்ளை தப்பினதோ?”

அந்த நேரம் பிறின்சி தேத்தண்ணியோடு அறைக்குள் வந்தாள். மார்கிறட் மகளைக் கையால் காட்டினாள். பாத்தும்மா தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். பிறின்சியை மேலும் கீழும் பார்த்தாள், எந்த வகுப்பு என்று விசாரித்தாள், சோதினை எப்போது என்று கேட்டாள். பாதி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சோதினை முடியட்டும், நாங்கள் தையில் வாறம் என்றாள். தையில் எழும்பிவிடுவோம் என்று மார்கிறட் சொன்னாள். மெசினைப் பற்றிப் பாத்தும்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எழும்பும்போது அந்த மூலையை இன்னொரு தரம் பார்த்தாள்.

மார்கிறட் வாசலுக்கு வந்தாள். சொல்ல முடியாத ஒன்று தொண்டையில் நின்றால் வாய் எங்கே ஓடும் என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்தும் அந்தோனிமுத்துவின் மேலிருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. கூடியிருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

“வீட்டைக் கதைச்சு முடிச்சாச்சு,” என்றாள். “தையில ராத்தா ஆக்கள் வருவினம். நாங்கள் கரைக்குப் போறம். கால் மணித்தியாலமும் எடுக்கேல்லை.”

ஜமால்தீன் கடிவாளம் பிடித்த கையை மெல்ல இறக்கி மடியில் வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கண்ணை இடுக்கவும் இல்லை. அந்தோனிமுத்து தொப்பியைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே வைத்தார். ஜமால்தீன் ஊரை விட்டுப் போன அந்த நாள் மார்கிறட்டுக்கு நல்ல ஞாபகம். அன்று அந்தோனிமுத்து கடலுக்கும் போகவில்லை, தண்ணீரூற்றுப் பக்கமும் போகவில்லை. விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் கரையில், கிழியாத ஒரு வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். ஏன் என்று அவளும் அன்றைக்குக் கேட்கவில்லை.

“நீ போன அண்டைக்கு நான் வந்திருக்கோணும், மச்சான்,” என்றார் அந்தோனிமுத்து.

சும்மா விடடா, அதையெல்லாம் இப்ப ஏன் என்று ஜமால்தீன் சொல்லுவார் என மார்கிறட் எதிர்பார்த்தாள். அவர் அப்படிச் சொல்லவில்லை. தன் கால்களைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார். “வந்திருக்கோணும். நான் சந்தி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனனான்.”