ஓட்டை போடாமல் மாட்டிய கீ

குருத்தோலை ஞாயிறு ஆராதனை. பாட்டின் மூன்றாவது சரணத்துக்கு நடுவில் என் அக்கா வீட்டுக்காரர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். சித்தூரில் எங்கள் தமிழ் சபைக்கு அவர்தான் பாடகர் குழுத் தலைவர், அவர்தான் செயலாளர், பற்றாததற்கு எனக்கு மாமா. மைக்கை இழுத்து, "கிட்டார் சுருதி எறங்கிப்போச்சி. சபையார் மன்னிக்கணும்" என்றார்.

கிட்டார் வாசித்தவன் நான். சபையாரும் உடனே மன்னித்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியதைப் பார்த்தால், நான் குடித்துவிட்டு வந்து பிடிபட்டவன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

வெளியே செருப்பு மாட்டும்போது மாமா பக்கத்தில் வந்தார்.

"டேய் மச்சான், ஈஸ்டருக்கு கீபோர்டு மட்டும் போதும். நீ கீழ ஒக்காந்து பாடு."

"கம்பி எறங்கறது என் தப்பா மாமா? கீ தேஞ்சிபோச்சி."

"அப்ப மாத்து. மாத்திக்கினு வா, அப்புறம் பாக்கலாம்."

ஈஸ்டருக்குக் கீழேதான் உட்கார்ந்தேன். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று எல்லோரும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தபோது, உயிர்த்தெழாமல் கிடந்தவன் நான் ஒருவன்தான்.

அந்தக் கிட்டாருக்கு என்னைவிட வயது அதிகம். பாகாலா ஜங்ஷனில் ரயில்வே கார்டாக இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர் ஊரைவிட்டுப் போகும்போது எங்கள் நைனாவுக்கு விற்றது. நைனாவுக்கு வாசிக்கத் தெரியாது. சல்லிசாகக் கிடைத்தால் அவர் ரயில் இன்ஜினையே வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருப்பார். கிட்டாரின் தலையில் இந்தப் பக்கம் ஒரு நீளத் தகடு, அந்தப் பக்கம் ஒரு தகடு. ஒவ்வொரு தகட்டிலும் மூன்று கீ. கீயைத் திருகினால் ஒரு குட்டிப் பல்சக்கரம் சுற்றிக் கம்பியை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பற்கள்தான் தேய்ந்துவிட்டன. எனக்குக் கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்த அதே வருஷம் அதற்கும் ஆரம்பித்தது. பல் டாக்டர் என் விஷயத்தை ஒரே நாளில் முடித்துவிட்டார். கிட்டாருக்கு அப்படி ஒரு டாக்டர் சித்தூரில் கிடையாது.

அதனால் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சங்கீதக் கடை. பஜனைக்கு வேண்டிய ஜால்ரா, டோலக், ஆர்மோனியம் எல்லாம் கீழே. பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கிட்டார்கள் மேலே. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து தங்கக் கலரில் ஒரு கீ செட்டை எடுத்து வைத்தார். கோயில் கலசம் மாதிரி மின்னியது.

"இது போடு அன்னா. சீல்டு, பல்சக்கரம் உள்ள மூடி வெச்சது. ஜென்மத்துக்கும் சுருதி எறங்காது."

கீயின் தண்டு என் சுண்டுவிரல் தடிமன் இருந்தது. என் கிட்டாரின் ஓட்டையோ பென்சில்கூட நுழையாத சைஸ்.

"இது எப்படி உள்ள போவும்?"

"டிரில் வேஸ்தே அயிப்போதுந்தி. ரெண்டு நிமிஷம்." டிரில் போட்டால் முடிந்துவிடுமாம்.

"ஓட்டைய பெருசு பண்ணக் கூடாதுங்க. பழைய மரம்."

"ஏம் காது அன்னா! நேனு சேஸ்தானு காதா?" ஒன்றும் ஆகாதாம், அவரே செய்கிறாராம். சொல்லிக்கொண்டே டிரில்லை பிளக்கில் மாட்டிவிட்டார். நான் கிட்டாரை இழுக்க, அவர் என் மேலுள்ள அக்கறையில் அதை விடாமல் பிடித்துக்கொள்ள, ஜால்ரா வாங்க வந்திருந்த ஒரு பக்தர் குடும்பம், எல்லாம் புது மொட்டை, சந்தனம் காயாத தலைகளோடு எங்களைத் திரும்பிப் பார்த்தது. தலையில் கை வைப்பது அந்த ஊரில் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் முடி மறுபடி வளரும். மரம் வளராது.

"வேணாம்னா வேணாங்க!" என்று கத்திவிட்டேன். டிரில் என்றால் என்னவென்றே தெரியாத ஊரிலிருந்து வந்தவனைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். "நீ கிட்டார் வாசிக்க வந்தியா, மியூசியம் வைக்க வந்தியா?" என்றார். கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு திரும்பி பஸ் ஏறினேன். எனக்கு நல்ல பதில்கள் எல்லாம் குளிக்கும்போதுதான் வரும்.

எனக்கு வேலை மாங்கூழ் ஃபேக்டரியில். டப்பாவின் மூடி விளிம்பு சரியாக மடிந்திருக்கிறதா என்று வெர்னியர் வைத்து அளப்பேன். அந்த வெர்னியரால் கிட்டாரின் தலையை அளந்தேன். ஓட்டையின் அகலம், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரம், தகட்டின் நீளம், ஸ்க்ரூ விழும் இடம். பிறகு நெட்டில் தேடினேன். தனித்தனிக் கீகள் பளபளவென்று இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஸ்க்ரூ அடிக்க வேண்டும். வேண்டாம். மூன்று கீ உள்ள தகடு ஒன்று வந்தது. தூரம் ஒரு நெல்மணி அகலம் தள்ளியிருந்தது. திருப்பி அனுப்பினேன். என் மனைவி சொன்னாள்: "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப இவ்ளோ பாக்கலியே நீ." அடுத்தது நிக்கல் பூச்சு, வெள்ளைக் குமிழ், அதே அகலம், அதே தூரம், பழைய ஸ்க்ரூ ஓட்டையிலேயே போய் உட்கார்ந்தது. ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. கம்பியைக் கட்டி ராத்திரி வைத்த சுருதி காலையில் அப்படியே நின்றது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மைக்கில் கேட்ட மன்னிப்பு எனக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மாமா இனிமேல் வாயைத் திறக்கவே கூடாது என்று ஒரு யோசனை செய்தேன். ஆயரிடம் போய், "ஐயா, புதுக் கீ வாங்கியிருக்கேன், ஞாயித்துக்கெழம சபையில வெச்சி ஜெபம் பண்ணணும்" என்றேன். ஆயர் ஜெபித்த கீயைக் குறை சொல்ல எந்தச் செயலாளருக்குத் தைரியம் வரும்? அப்படித்தான் கணக்குப் போட்டேன். கிட்டாரைப் பீடத்துக்கு முன்னால் வைத்து, தலைமேல் கை வைத்து, "இந்தப் புதிய கீகளை உமது மகிமைக்கென்று ஏற்றுக்கொள்ளும்" என்று ஆயர் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மாமாவின் ஆமென்தான் சத்தமாக இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் சபையில் ஃபேன், மைக், காணிக்கைத் தட்டு எதுவானாலும், பீடத்தின் முன் வைத்து ஜெபித்துவிட்டால் அது சபையினுடையது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வழக்கம். கோபத்தில் மறந்துபோனேன். அன்று வாசித்து முடித்து, கிட்டாரைப் பையில் வைக்கப் போனபோது மாமா கையை நீட்டினார்.

"குடு, உள்ள வெச்சிப் பூட்டறேன்."

"எதுக்கு?"

"பிரதிஷ்டை பண்ண பொருள் வெளிய போவக் கூடாது. நாகலாபுரம் கல்யாணத்துக்குப் போன பிரியாணி அண்டா திரும்பி வந்துச்சா?"

"இது எங்க நைனா வாங்கின கிட்டாரு மாமா!"

"உங்க நைனா பேரையே எழுதிடலாண்டா. பின்னால, பெயிண்ட்ல."

சிரித்துக்கொண்டே எடுத்துப் போய் ஆயர் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "கிட்டார் எங்க?" சொன்னேன். தட்டை நங்கென்று வைத்துச் சோறு போட்டாள்.

இரண்டு மூன்று வாரம் அப்படியே போனது. ஞாயிறு பீரோ திறக்கும், வாசிப்பேன், பீரோ மூடும். பிறகு ஒரு நாள் மாமா, நல்ல செய்தி சொல்பவரின் முகத்தோடு வந்தார்.

"சத்தம் பின்னால வரைக்கும் வர மாட்டேங்குது. கிட்டாருக்கு உள்ள பிக்கப் மைக்கு போடலான்னு கமிட்டில பேசிக்கினோம். சைடுல ஒரு ஓட்டை போட்டா போதும். திருப்பதியில ஸ்டேஷன் பக்கம் ஒருத்தரு ரெண்டு நிமிஷத்துல போட்டுக் குடுக்குறாராம்."

அந்த வாரம் ஃபேக்டரியில் நல்ல டப்பாக்களைக்கூடக் கழித்துத் தள்ளினேன். கமிட்டி கூடும் நாளன்று, கேட்காமலே உள்ளே போனேன். மேசையைச் சுற்றி எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா," என்று ஆயரைப் பார்த்துக் கேட்டேன், "அன்னைக்கு நீங்க எதுக்கு ஜெபம் பண்ணீங்க?"

"புதுக் கீக்கு."

"கிட்டாருக்கு?"

ஆயர் டீயைக் கீழே வைத்தார். யோசித்தார். பொய் சொல்ல வராத மனுஷர். "கீக்குதான் பண்ணேன்," என்றார்.

"கேட்டுக்கினீங்களா மாமா? பீரோ சாவி குடுங்க."

"டேய், இன்னாடா வெளையாட்டு இது?"

"சபைச் சொத்த சபைகிட்டயே குடுத்துட்டுப் போறேன்."

ஆயர் தலையசைத்ததும் சாவி வந்தது. மேசைமேல் கிட்டாரைக் கிடத்தி, கம்பிகளைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு தகடுகளையும் பிரித்தெடுத்தேன். அவசரத்தில் ஒரு ஸ்க்ரூ யாருடைய டீயிலோ விழுந்தது. புதுக் கீகளை மாமாவின் முன் வைத்தேன். பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்த பழைய தகடுகளை எடுத்து அதே ஓட்டைகளில் மாட்டினேன். திருப்பதியில் டிரில் போட விட்டிருந்தால், இந்தப் பழைய தகடு அந்தத் தலையில் நின்றிருக்காது. நானும் சாவி கேட்டிருக்க முடியாது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே வந்ததும் மூன்றாவது கம்பி டொய்ங் என்று இறங்கியது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் ஜெயித்தவன். அறுப்புப் பண்டிகைக்கு முன்னால் கீபோர்டு வாசிப்பவருக்கு மதனப்பள்ளிக்கு மாற்றல் வந்தது. மாமா வீடு தேடி வந்தார். அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், பாதுகாப்புக்கு.

"கீ சும்மா பீரோல கெடக்குது. மாட்டிக்கினு வந்து வாசிடா."

"சபைச் சொத்து எங்க ஊட்டுக்கு வரலாமா மாமா?"

"ஊட்டுக்கு ஏன் வருது? அங்கயே மாட்டு, அங்கயே கழட்டு!"

கோபத்தில்தான் சொன்னார். கோபத்தில்தான் நானும், "சரி, அப்படியே ஆவட்டும்" என்றேன். அக்கா இரண்டு பேரையும் பார்த்து, "நாய்ங்களா" என்றாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னால் ஆயர் அறையில் உட்கார்ந்து சபையின் கீயை மாட்டுகிறேன். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் கழற்றி, மாமா நீட்டும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, பழசை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். நானும் கிட்டாரைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை, அவரும் கீயை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லவில்லை. டிரில்லிடமிருந்து காப்பாற்றிய மரத்தை நானே ஸ்க்ரூ டிரைவரால் வாரம் இரண்டு முறை குடைந்துகொண்டிருக்கிறேன். ஸ்க்ரூ ஓட்டைகள் தளர்ந்துவிட்டன. போன மாதம் தீக்குச்சியைச் சீவி, பசை தடவி, உள்ளே செருகினேன். போன ஞாயிறு ஒரு ஸ்க்ரூ, டிரைவரே இல்லாமல், விரலால் திருகியதற்கே கழன்று வந்தது. தலை நிமிர்ந்து பார்த்தேன். மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூசாயிடுச்சி போலகீதே," என்றார்.

"ஆமா," என்றேன்.

டப்பாவை நீட்டினார். போட்டேன்.