கழித்துப்போட்ட ரத்தம்

காட்டாங்குளத்தூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தம், அதாவது 'கன்ட்ரோல்', வேண்டுமென்றால் வீட்டு ஆட்களையே கையை நீட்டச் சொல்வோம். அப்படித்தான் செம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளிடம் எடுத்தேன். அவளுடைய எட்டு மாதப் பையன் மடியில் இருமிக்கொண்டிருந்தான். காதில் சீழ், நெஞ்சில் சளி, ஒன்று விட்டால் ஒன்று. "ஏரிக்காத்து இவனுக்கு ஒத்துக்கலடி" என்றாள்.

பெண்ணுடலின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஒன்று விழித்திருக்கும், மற்றது உறங்கிவிடும். எது உறங்கும் என்பது குருட்டாம்போக்கு. அதனால் உடம்பு முழுக்க இரண்டு வகைச் செல்களும் கலந்து கிடக்கும். செல் செல்லாகப் பிரித்துப் படித்து அந்தக் கலவையைப் பார்ப்பதுதான் என் வேலை.

அக்காவின் ரத்தத்திலும் எல்லாம் கலந்துதான் இருந்தது, ஒரு வகையைத் தவிர. நோயெதிர்ப்புப் புரதம் செய்யும் பி செல்கள் அத்தனையிலும் ஒரே எக்ஸ்தான் விழித்திருந்தது. நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே, ரத்த மாதிரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். "கன்ட்ரோல்தானே, தூக்கிட்டு வேற ஆளப் பாரும்மா" என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் சார். தூக்கிவிட்டேன்.

பதினாலாவது மாதம் நிமோனியாவில் பையன் போய்விட்டான். மாமியார் வீட்டில் பழியை அக்கா தலையில் போட்டார்கள். மழையில் ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனாளாம். அவளும் நம்பினாள்.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, கழித்த மாதிரிகளுக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. மறுபடி திறந்து பார்த்தேன். மற்ற எக்ஸ் விழித்திருந்த பி செல்கள் வளர முடியாமல் செத்திருக்கின்றன. அந்த எக்ஸில் தேடினேன்; பழுது இருந்தது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அம்மாவிடமிருந்து அவனுக்குப் போனது அந்தப் பழுதான எக்ஸ். மாதாமாதம் அந்த நோயெதிர்ப்புப் புரதத்தை ஊசியில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் தப்பு இல்லக்கா. ஏரியும் இல்ல, மழையும் இல்ல."

அவள் அழவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "இது உன் கம்ப்யூட்டர்ல எப்ப வந்துது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்லயா?" என்றாள். "அப்பதான்டி அவன் எழுந்து நிக்க ஆரம்பிச்சான்."