கைலாசம் வீட்டில் என்ன விசேஷம்?

திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியில் முப்பது வருஷம் ஓடியவர் கைலாசம். எந்த மாநிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் தெருவில் நாலாவது வீட்டில் இருப்பது யார் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். வருஷத்துக்கு இருபது நாள் ஊரில் இருந்தவருக்கு அதற்கு மேல் தெரிய நியாயமில்லை. எல்லாரையும் தெரிந்து வைத்திருந்தவர் மனைவி மஞ்சுளா. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகள் வித்யாவும் பேத்தியும் பெங்களூரில். கம்ப்ரசர் இரைச்சலில் பாதிக் காது போய்விட்டதால், வீட்டின் அமைதியையும் அவர் பாதிதான் கேட்டார் என்பது ஒரு வசதி.

மைக் செட் தங்கசாமி கடையை மூடியபோது, பழைய ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஒரு குழாய் ஸ்பீக்கர், நாற்பது ரெக்கார்டு எல்லாவற்றையும் கைலாசம் வாங்கி வந்தார். உறைகளைக் கரையான் தின்றிருந்தது. சாமி பாட்டு என்று நம்பி, ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் முள்ளை வைத்தார். ஒரு வெள்ளைக்காரன் கதறினான். ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது தங்கசாமி எடைக்கு எடுத்த சரக்கு அது.

ஊதுபத்தி அணையும்வரை கேட்டார். டிரம் அடித்த அடியில் நாற்காலி அதிர்ந்தது. ஓடுகிற போர்வெல் ரிக் மேல் நிற்பதுபோல் கால் கூசியது. கதறியவனைப் பற்றி ஒரு முடிவுக்கும் வந்தார்: “இவனையும் ஊட்டுல யாரும் தேடலயாட்ட இருக்குது.”

வித்யா போனில் விளக்கினாள். “அது ராக் மியூசிக்ப்பா. எழுபதுகள்ல வந்தது. எல்லாம் போன்லயே இருக்குது, லிங்க் அனுப்பறேன்.”

லிங்க் வந்தது. கூட உட்கார்ந்து கேட்க ஆள் வரவில்லை. கைலாசத்துக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: ஒரு பாட்டு முடியும்வரை பக்கத்தில் இன்னொரு ஆள்.

ஒரு மாதத்தில் நாற்பதும் பழகிவிட்டன. ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். அகலமான வளையம் என்றால் நீளமான பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காதுக்குப் போதவில்லை என்று குழாயை வாசல் முருங்கை மரத்தில் கட்டினார். வீட்டில் குழாய் கட்டினால் விசேஷம், தெருவே வரவேண்டும் என்பது ஊர் வழக்கம். ஊரில் இருந்தவர்களுக்குத்தானே அது நினைவிருக்கும்? மூன்றாவது பாட்டுக்குள் பக்கத்து வீட்டுச் சாரதாமணி பட்டுச் சேலையில், தட்டில் தேங்காய் பழத்தோடு வந்து நின்றார். பின்னால் ஆறு பேர்.

“ஏனுங்கண்ணா, ஊரே கேக்கக் கொழா கட்டறீங்க, பக்கத்து ஊட்டுக்கு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலீங்களா? என்னுங்க விசேசம்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“பேத்திக்குப் பொறந்த நாளு, அம்மிணி. எல்லாரும் உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். கடையிலிருந்து டீயும் காராசேவும் வந்தன. வெள்ளைக்காரன் கதறினான்.

“பெங்களூர்ல இப்பிடித்தான் பாட்டுப் போடுவாங்களாட்ட,” என்றார் ஒருவர்.

“பாவம், அவனுக்கு என்ன வவுத்து வலியோ,” என்றார் இன்னொருவர். கைலாசம் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துச் சிரித்தார்.

சாரதாமணிக்கு நல்ல மனசு. வித்யாவைப் போனில் பிடித்து, எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார். “பாப்பாவக் கூப்புடு சாமி, வாழ்த்துச் சொல்லோணும்.”

“அவளுக்குத் தை மாசமில்லீங்களாக்கா பொறந்த நாளு?” என்றாள் வித்யா.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் மோசம். ஒவ்வொருவருக்கும் திடீரென்று மாடு கறக்க வேண்டியிருந்தது, மாடு இல்லாதவர்களுக்கும். “ஒத்தையில கெடந்தா இப்பிடி ஆயிருமாட்ட,” என்று வாசலில் யாரோ மெல்லத்தான் சொன்னார்கள். பாட்டு அப்போது முடிந்திருந்ததால் கைலாசத்தின் மிச்சக் காதுக்கும் கேட்டது.

தட்டு மட்டும் தங்கிவிட்டது. மறுநாள் சாரதாமணி மதில் மேல் எட்டிக் கேட்டார்.

“வெறுந்தட்டக் குடுக்கக் கூடாது அம்மிணி. எதாச்சும் வெச்சுத் தாரேன்.”

மரத்தில் முருங்கைக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கைலாசத்தின் கண்ணில் அது படவில்லை. தினமும் தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார்.

ஐந்தாம் நாள் கேட் திறந்தது. ஜன்னலில் பார்த்துவிட்டுக் கைலாசம் ஒரு ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்தார். இருப்பதிலேயே அகலமான வளையத்தின் தொடக்கத்தில் முள்ளை வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டார்.

சாரதாமணி ஏதோ சொன்னார். கைலாசம் காதைத் தொட்டுக் காட்டினார். சாரதாமணி சத்தமாகச் சொன்னார். கைலாசம் மறுபடியும் காதைத் தொட்டார். கத்திப் பயனில்லை, பாட்டு முடியட்டும் என்று சாரதாமணி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

தட்டைப் பிடித்தபடி கைலாசம் ரெக்கார்டை எட்டிப் பார்த்தார். வளையம் இன்னும் பாதி இருந்தது.