தேரிக்குள் ஒரு நார்வே கூரை

உடன்குடியைத் தாண்டி, செம்மணல் தேரிக்குள் இருக்கிற லுத்தரன் சபைக் கோயிலை அதன் பணியாளரான கோயில்பிள்ளை பெருக்கிக்கொண்டிருக்கிறார். தலையில் ஹெல்மெட். என்னைக் கண்டதும் இன்னொன்றை எடுத்து நீட்டுகிறார்.

“உள்ள வாரதுன்னா மாட்டிக்கிடுங்க. ஆடிக் காத்துல ஓடு விழுது.”

மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறேன். கூரை கைகூப்பி நிற்பதுபோல் செங்குத்தாக இருக்கிறது. ஓடு போன இடங்களில் வெயில் பெஞ்சுகள்மேல் இறங்குகிறது.

“ஏன் அண்ணாச்சி, இவ்வளவு சரிவு?”

“கட்டுன மிஷனரி நார்வேக்காரரு. அவிய ஊர்ல கூரையில பனிக்கட்டி குவியுமாம். வழுக்கி விழட்டும்னு சரிச்சுக் கட்டுவாவளாம். இங்கனயும் அப்படியே கட்டிட்டுப் போயிட்டாரு.”

வெளியே பனைமரங்கள் மழையையே மறந்து நிற்கின்றன. மாற்றிக் கட்டக் கூடாதா என்று கேட்கிறேன்.

“போன மாசம் சபைக் கூட்டத்துல அதான் பேச்சு. தட்டையா கான்கிரீட் தளம் போடணும்னு எங்க அணி சொல்லிச்சு. எதிரணியில எங்க மச்சான் எந்திரிச்சு, ‘தளத்துல பனிக்கட்டி குவிஞ்சு இடிஞ்சா யாரு பொறுப்பு’ன்னு கேட்டான். ஓட்டெடுப்பு வச்சாவ. ஒரே ஒரு ஓட்டுல தோத்துட்டோம்.”

“உங்க அணியில யார் மாத்திப் போட்டது?”

அவர் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு, கூரையின் இடைவெளி வழியே மேகமில்லாத வானத்தை ஒருமுறை பார்க்கிறார்.

“ஒடஞ்ச ஓடுன்னா கீழ நின்னே பெருக்கிருவேன். பனிக்கட்டிய மேல ஏறி யாரு அள்ளுவா? நான்தானே?”